படத்தில் ஏறிய துளை

எனக்கு மதகைப் பற்றி ஒன்றும் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சுண்ணாம்புக் கலவை போடத் தெரியாது, மட்டம் பார்க்கத் தெரியாது, அளவுகோல் வைத்தும் ஒரு கோட்டை நேராக இழுக்க வராது. எனக்குத் தெரிந்ததெல்லாம் பிரெஞ்சு. முசே வாலே என்ற வெள்ளைக்கார எஞ்சினியர் பிரெஞ்சில் பாடம் நடத்துவார். முசே என்றால் பிரெஞ்சில் ஐயா; மாணவர்கள் என்னையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பக்கத்தில் நின்று நான் அதைத் தமிழில் சொல்வேன். பச்சையப்பன், மொழிபெயர்ப்பு உதவியாளன். அவ்வளவுதான் என் உத்தியோகம்.

புதுச்சேரிக் கல்லூரியில் புதிதாகத் தொடங்கிய பொறியியல் வகுப்பு அது. முதல் வருஷம் அங்கேயே பாடம். இரண்டாம் வருஷம் பாகூர் ஏரிக்கரையில் ஒரு பழைய நெல் கிடங்கில் தங்கி வேலை பழக வேண்டும். தேறினால் சான்றிதழ், சான்றிதழ் இருந்தால் பொதுப்பணி இலாகாவில் மேற்பார்வையாளர் வேலை. மாணவர்கள் நான்கே பேர்.

மணவாளன் உள்ளூர்க்காரன், ஏரிச் சங்கத் தலைவர் சிவப்பிரகாசத்தின் அக்காள் மகன். படம் வரைவதில் கெட்டிக்காரன். செல்லக்கண்ணு திருபுவனையிலிருந்து வந்தவன். பாடத்தை ஓர் எழுத்து பிசகாமல் ஒப்பிப்பான். அர்த்தம் கேட்டால் மறுபடியும் முதலிலிருந்து ஒப்பிப்பான். இன்னாசிமுத்து வில்லியனூர்க் கிறிஸ்தவப் பையன். பெற்றோர் பிறத்தியார் வயலில் கூலிக்குப் போகிறவர்கள். பாதிரியார் சிபாரிசில் படிக்க வந்தான். நடேசன் தவளக்குப்பத்துக்காரன். அப்பா இல்லை, மூன்று தங்கைகள். இந்தச் சான்றிதழை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரியப்போகிறது என்று அவன் அம்மா என்னிடமே வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

நால்வருக்கும் பொதுவாக ஒரு பழக்கம் இருந்தது. முசே வாலே ஏதாவது கேட்டால் நான்கு தலைகளும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பும். கேள்வி புரியாமல் இல்லை. நன்றாகவே புரியும். பதிலையும் நானே சொல்லிவிட்டால் தேவலை என்றுதான்.

முப்பத்தொன்பது செப்டம்பரில் ஐரோப்பாவில் சண்டை மூண்டது. முசே வாலேயைப் பட்டாளத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். மனிதர் தன் புத்தகங்களையெல்லாம் பெட்டியில் போட்டுக்கொண்டு, எங்கள் எல்லோருக்கும் கை கொடுத்துவிட்டுக் கப்பலேறிப் போய்விட்டார். இனி என்ன செய்வது என்று புதுச்சேரி மேலிடத்துக்கு எழுதிக் கேட்டேன். பதில் வந்தது: மார்ச் மாதம் தலைமை எஞ்சினியர் முசே தெலோர்ம் நேரில் வருவார், மாணவர்கள் ஒரு வேலையைத் தாங்களே திட்டமிட்டுச் செய்து காட்ட வேண்டும், அதுவரை வகுப்பைப் பச்சையப்பன் பார்த்துக்கொள்ளட்டும், தேறாவிட்டால் வகுப்பை மூடிவிடலாம்.

பார்த்துக்கொள்வதாம். வாத்தியார் இல்லாத வகுப்பை வாயாடி பார்த்துக்கொள்வதாம். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கடுதாசியை நாலாகக் கிழித்திருப்பேன். நடேசன் எதிரில் நின்றுகொண்டிருந்ததால் மடித்துப் பையில் வைத்தேன்.

முதல் வாரம் நானும் வாத்தியார் வேஷம் போட்டுப் பார்த்தேன். கல்லூரி நூலகத்திலிருந்து நீர்ப்பாசனப் புத்தகம் ஒன்றை வாங்கி வந்து சத்தமாக வாசித்தேன். அவர்கள் எழுதிக்கொண்டார்கள். நான் இருமினால் அதையும் எழுதிக்கொண்டிருப்பார்கள். நான்காம் நாள் நடேசன் எழுந்து, "முசே, மதகுக் கதவு ஏன் கீழ பெருத்தும் மேல சிறுத்தும் இருக்கணும்னு போட்டிருக்கு?" என்றான். புத்தகத்தைப் பார்த்தேன். காரணம் போடவில்லை. அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். அங்கேயும் இல்லை. நிமிர்ந்தால் நான்கு முகமும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கின்றன, பென்சிலைத் தயாராகப் பிடித்துக்கொண்டு.

புத்தகத்தைத் தூக்கி நெல் மூட்டைமேல் எறிந்தேன்.

"எனக்குத் தெரியாது! எனக்குத் தெரியாதுன்னு அந்தப் புதுச்சேரிக்காரனுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். தெரிஞ்சும் என் மூஞ்சியையே பாத்தா இன்னாடா அர்த்தம்? இதுல மதகு வரைஞ்சு வெச்சிருக்கா?"

செல்லக்கண்ணு மெதுவாக, "அப்ப யாரு முசே சொல்லிக் குடுப்பா?" என்றான்.

"யாரும் வரமாட்டாங்க. சண்டை முடியறவரைக்கும் ஒருத்தனும் வரமாட்டான். மார்ச்சுல பரிட்சை. வேணும்னா நீங்களே கத்துக்கோங்க, வாணாம்னா மூட்டையக் கட்டுங்க."

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் சொன்ன பிறகு, அதைத் தவிர வேறு வழியே இல்லை என்று எனக்கே உறைத்தது. கிடங்கின் உட்சுவர் வெள்ளையடித்துப் பளிச்சென்று இருந்தது. அடுப்புக் கரியை எடுத்து நடேசனின் கேள்வியை அதில் பெரிதாக எழுதினேன். எழுதி முடிப்பதற்குள் ஏற்பாடு முழுசாக மனதில் உருவாகிவிட்டது. தினமும் காலையில் ஆளுக்கு ஒரு கேள்வி எழுத வேண்டும். கேட்டவனே போய்ப் பதில் தேட வேண்டும், புத்தகத்திலோ ஏரியிலோ பட்டறையிலோ. தேடி வந்து மற்ற மூவருக்கும் பாடம் நடத்த வேண்டும். எனக்கும் சேர்த்து. ஒன்றும் தெரியாத எனக்குப் புரிந்தால்தான் சுவரில் இருக்கும் கேள்வியை அழிக்கலாம்.

இந்த ஏற்பாட்டை ஒருவனுக்கும் பிடிக்கவில்லை. செல்லக்கண்ணு இரண்டு நாள் என்னோடு பேசவே இல்லை. மணவாளன் நேரே மாமாவிடம் போய்ச் சொல்லிவிட்டான். சிவப்பிரகாசம் வெள்ளை வேட்டியும் குடையுமாக வந்து கிடங்கு வாசலில் நின்று சுவரைப் பார்த்தார். ஏரி பாயும் நிலத்தில் பெரும்பங்கு அவருடையது. சங்கத்தில் அவர் வைத்ததுதான் சட்டம்.

"இன்னாங்க வாத்தியாரே, பசங்கள ஏரியில எறக்கி வுட்டுட்டு நீங்க குந்திக்கினு இருக்கீங்களாமே? சம்பளம் எதுக்கு?"

"குந்திக்கினு இருக்கறதுக்குத்தாங்க. அது ரொம்பக் கஷ்டமான வேலை" என்றேன்.

மெய்யாகவே கஷ்டமாகத்தான் இருந்தது. நடேசன் இடுப்பளவு தண்ணீரில் நின்று, பழைய மதகின் பலகையை ஆழத்துக்கு ஆழம் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தான். போய் ஏதாவது சொல்லலாமா என்று எனக்கு வாய் துறுதுறுத்தது. சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லாதது நல்லதாகப் போயிற்று. மறுநாள் அவன் ஒரு மண் குடத்தில் மேலும் கீழுமாக ஓட்டை போட்டுக் கொண்டுவந்தான். தண்ணீர் ஊற்றினான். மேல் ஓட்டையில் சொட்டியது. கீழ் ஓட்டையில் பீறிட்டுக்கொண்டு என் வேட்டியை நனைத்தது.

"பாத்தீங்களா முசே? கீழ தாங்கறதுக்குத்தான் கீழ பெருசு" என்றான். அவனாகவே கரியை அழித்தான். அன்றைக்கு அவன் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு செல்லக்கண்ணுவும் சுவரில் ஒரு கேள்வி எழுதினான்.

பொங்கலுக்கு முன்னால் பரிட்சை வேலையை அவர்களே தேர்ந்தெடுத்தார்கள். ஏரியின் தெற்கு மதகில் பலகைக் கதவு இற்றுப்போய், அடைத்தாலும் தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்தது. அதற்குப் புதுக் கதவு. தேக்குப் பலகை, இரும்புப் பட்டை, மேலே ஏற்றி இறக்கத் திருகு. மரமும் இரும்பும் தருவதாகச் சங்கம் ஒப்புக்கொண்டது. ஒழுகும் தண்ணீர் மிச்சமானால் சிவப்பிரகாசத்துக்குக் கசக்கவா செய்யும்?

"மொதல்ல தண்ணி யாருக்கு எப்ப வேணும்னு கேக்கணும்" என்றான் இன்னாசிமுத்து. நல்ல யோசனை என்று எல்லோருக்கும் பட்டது. மணவாளன் மாமா வீட்டிலிருந்து, அந்த மதகில் பாயும் நிலம் யார் யாருக்கு என்று எழுதி வாங்கி வந்தான். நால்வரும் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். எந்த மாதம், எந்த முறை, எவ்வளவு நேரம் என்று ஒருவரையும் விடாமல் கேட்டார்கள். நிலம் உள்ள ஒருவரையும் விடாமல்.

மாசிக் கடைசியில் கதவு தயாரானது. மதகுக்கு முன்னால் மணல் மூட்டை அடுக்கித் தண்ணீரைத் தடுத்து, பழையதைப் பிடுங்கிவிட்டுப் புதியதை இறக்கினார்கள். பட்டறைக்காரர் ஆரோக்கியம் திருகில் எண்ணெய் விட்டார். மூட்டைகளை எடுத்ததும் ஏரித் தண்ணீர் வந்து கதவில் மோதியது. நால்வரும் மறுபக்கம் வாய்க்காலில் குனிந்து பார்த்தார்கள். ஒரு சொட்டு இல்லை.

"நல்ல கதவு கசியாது!" என்று முசே வாலே சொல்லி எழுத வைத்த வரியைச் செல்லக்கண்ணு பிரெஞ்சில் கூவினான். சிவப்பிரகாசம் மதகின்மேல் ஏறி நின்று, கதவைத் தடவிப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் பொரியும் வெல்லமும் வாங்கிக் கொடுத்தார். நான் ஒரு கை பொரி கூடுதலாகவே வாங்கிக்கொண்டேன். எனக்கு அவ்வளவு பெருமை.

நாலைந்து நாள் கழித்துச் சுவரில் செல்லக்கண்ணுவின் கையெழுத்தில் ஒரு கேள்வி இருந்தது: 'காலையில் குடத்தோடு போகிற பெண்களை ஏன் காணோம்?'

மதகுக்குத் தெற்கே கொஞ்ச தூரத்தில் சேரி. அங்கிருந்து பெண்கள் விடியற்காலையில் குடத்தோடு எங்கள் கிடங்கைத் தாண்டிப் போவார்கள். செல்லக்கண்ணு பல் துலக்கும்போது தினமும் பார்ப்பவன். ஒப்பித்துக்கொண்டிருந்த பையன் இதைக் கவனித்திருக்கிறானே என்று நான் நினைத்துக்கொண்டேன். கேள்வி எழுதியவன் தேடப் போக வேண்டுமல்லவா, போனான். மத்தியானம் திரும்பி வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"எல்லாரும் வாங்கடா. இத நான் வந்து சொல்லித் தரமுடியாது. நேர்ல பாருங்க."

மதகுக்குக் கீழே வாய்க்காலை ஒட்டி ஒரு பள்ளம். பழைய கதவின் ஒழுகல் வாய்க்கால் வழியாக அங்கே போய் ஊறிக் குட்டையாக நிற்குமாம். சேரி மொத்தமும் குடிப்பது அதில்தான். ஊர்க் கிணற்றில் அவர்கள் கயிறு விட முடியாது. அது எல்லோருக்கும் தெரிந்த கதை. இப்போது குட்டையின் அடிமண் வெடித்துக் கிடந்தது. நடுவில் குழி தோண்டி, காசம்மாள் என்ற பெண் கொட்டாங்குச்சியால் கலங்கல் தண்ணீரை வழித்துக் குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் எங்கோ தூரத்து ஓடைக்கு நடக்கிறார்களாம்.

எங்களைப் பார்த்ததும் அவள் எழுந்து நின்றாள்.

"தோ வந்துட்டாங்க, கதவு போட்ட தொரைங்க. வூடு வூடா போயி கேட்டீங்களாமே, தண்ணி யாருக்கு வோணும்னு? எங்க வூட்டுக்கு வந்தீங்களா? ஒருத்தராவது வந்தீங்களா?"

மணவாளன் தலையைக் குனிந்துகொண்டான்.

"எங்களுக்கு நெலம் இல்ல, அதனால தாகமும் இல்லன்னு நெனச்சீங்களா?" என்று கேட்டுவிட்டு அவள் மறுபடி குழியில் இறங்கினாள்.

கிடங்குக்கு வந்ததும் இன்னாசிமுத்து சுவரில் ஓங்கி ஒரு குத்து விட்டான். "நான்தானடா கேக்கலாம்னு சொன்னவன்! எங்க வூட்டுலயும் நெலம் கெடையாது. எனக்கே தோணலியேடா!" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது.

பரிட்சைக்குப் பத்துப் பதினைந்து நாள்தான் பாக்கி. கதவைக் கொஞ்சம் தூக்கி வைத்துவிட்டால் போதும் என்றான் நடேசன். ஆரம்பத்தில் அப்படித்தான் செய்தார்கள். காலையில் தூக்கி வைத்ததைச் சங்கத்து ஆள் சாயங்காலம் இறக்கிவிட்டுப் போனான். மறுபடி தூக்கினார்கள். மறுபடி இறங்கியது.

"அவங்க தயவுல வுட்டா இப்படித்தான் நடக்கும். கதவு அடைச்சிருந்தாலும் தண்ணி போவணும்" என்றான் இன்னாசிமுத்து.

கதவின் அடிப்பலகையில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை. அதில் ஓர் இரும்புக் குழாய். குப்பை அடைக்காமல் வாயில் கம்பி வலை. ஆரோக்கியத்தின் பட்டறையில் அவர்களே செய்து பொருத்தினார்கள். குட்டை நிறைய எவ்வளவு நேரமாகும் என்று செல்லக்கண்ணு ஒரு நாள் முழுக்கப் பள்ளத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து எனக்குப் பாடம் நடத்தினான். எனக்குப் புரிந்தது. கேள்வியை அழித்தான்.

அத்தோடு முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன். இன்னாசிமுத்து விடவில்லை.

"இத படத்துல ஏத்தணும். பரிட்சைக்குக் குடுக்கற படத்துலயே. இதுவரைக்கும் அந்தத் தண்ணி ஒழுகல்தான். அடைச்சா கேக்க நாதியில்ல. படத்துல வந்து, பெரிய எஞ்சினியர் கையெழுத்தும் வுழுந்துட்டா அப்புறம் எவன் அடைப்பான்?"

மூவரும் மணவாளனைப் பார்த்தார்கள். மை போட்டு இறுதிப் படம் வரைகிறவன் அவன்தான்.

"மாமா என்ன வூட்ல சேக்கமாட்டாரு" என்றான் மணவாளன். வெகுநேரம் பேனாவைத் துடைத்துக்கொண்டே இருந்தான். பிறகு படம் வரைகிற துணியை விரித்து, கதவின் அடியில் சின்னதாக ஒரு வட்டம் போட்டான். அதிலிருந்து ஒரு கோடு இழுத்து, பிரெஞ்சிலும் தமிழிலும் எழுதினான்: 'தெற்குச் சேரிக் குட்டைக்கு.'

பங்குனி வெயிலில் முசே தெலோர்ம் மோட்டாரில் வந்து இறங்கினார். நல்ல உயரம், வெள்ளைத் தொப்பி, சிரித்துப் பழக்கமில்லாத முகம். கூடவே சிவப்பிரகாசமும் சங்கத்து ஆட்களும். கிடங்கில் மேஜைமேல் படத்தை விரித்தோம். அவர் தன் பையிலிருந்து நான்கு சான்றிதழ்களை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். பெயரெல்லாம் எழுதித் தயாராக இருந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. நடேசன் அதையே பார்த்தான். பிறகு பார்க்காமலிருக்க முயன்றான்.

பரிட்சையை அவர் பிரெஞ்சில்தான் நடத்தினார். திருகின் மரை ஏன் இந்த அளவு, தேக்கு ஏன், பட்டை ஏன். நால்வரும் மாறி மாறிச் சொன்னார்கள். உடைந்த பிரெஞ்சுதான். ஆனால் தாங்களே செய்த வேலையைப் பற்றிப் பேச எவ்வளவு பிரெஞ்சு வேண்டும்? என்னை மொழிபெயர்க்கக் கூப்பிட வேண்டியே இருக்கவில்லை. ஓர் இடத்தில் அவர் செல்லக்கண்ணுவை மடக்கினார். வெள்ளத்தில் ஏரி கரைமட்டம் வந்தால் இந்தத் திருகை ஒரே ஆள் சுற்ற முடியுமா?

செல்லக்கண்ணு ஒப்பிக்க எதையோ தேடினான். பிறகு நிமிர்ந்து, "தெரியாது முசே. அந்த உயரத்தில் நாங்கள் பார்க்கவில்லை. பாரம் கட்டிச் சோதித்துத்தான் சொல்ல முடியும்" என்றான் பிரெஞ்சில்.

முசே தெலோர்ம் அவனை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். திட்டவில்லை. தலையாட்டிவிட்டு எதையோ குறித்துக்கொண்டார்.

பிறகு மதகுக்குப் போனோம். கதவு அடைத்திருந்தது. கீழே குழாயிலிருந்து தண்ணீர் சன்னமாக ஓடிக்கொண்டிருந்தது. அவர் தடியால் சுட்டிக்காட்டினார். "கசிகிறது."

"கசியவில்லை முசே. அது படத்தில் இருக்கிறது" என்றான் இன்னாசிமுத்து.

படத்தை அங்கேயே வரவழைத்து மதகின் கல்மேல் விரித்துப் பார்த்தார்கள். சிவப்பிரகாசம் எட்டிப் பார்த்துத் தமிழ் எழுத்தைப் படித்தார். படித்ததும் முகம் சிவந்துவிட்டது. மனிதர் விவரமானவர், ஒரே பார்வையில் விஷயம் புரிந்துவிட்டது.

"டேய் மணவாளா, இது உன் கையெழுத்துதானேடா? யாரக் கேட்டு எழுதுன?"

"நாங்க பேசித்தான் மாமா எழுதுனோம்."

"ஒழுகற தண்ணிய அவங்க மொண்டுக்கினு போனா நான் இன்னா வாணாம்னேனா? ஆனா கவுருமெண்டு படத்துல ஏத்துனா அது பாத்தியதை ஆயிடும்டா! நாளைக்கி ஏரி காஞ்சா என் நாத்துக்குத் தண்ணி இருக்காது, அவங்க பங்கு மட்டும் ஓடிக்கினு இருக்கும்!" என்று கத்திவிட்டு, என் பக்கம் திரும்பி, "சொல்லுய்யா தொரைகிட்ட. சங்கத்துக்கு இதுல சம்மதம் இல்லன்னு சொல்லு" என்றார்.

சொன்னேன். அது என் வேலை.

முசே தெலோர்ம் மையைச் சுரண்டுகிற சின்னக் கத்தியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் படத்தின்மேல் வைத்தார். நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். வேலை நன்றாக இருக்கிறது. ஆனால் சங்கம் ஆட்சேபிக்கிற வேலையை வைத்துத் தன்னால் சான்றிதழ் தர முடியாது. தகராறு புதுச்சேரியில் அரசாங்கச் சபைக்குப் போகும். போர்க்காலத்தில் அது எப்போது முடியும் என்று தனக்கே தெரியாது. இந்தச் சின்ன வட்டத்தைச் சுரண்டிவிட்டுக் குழாயை அடைத்துவிட்டால், நான்கு சான்றிதழிலும் இப்போதே, இங்கேயே கையெழுத்துப் போட்டுவிடுவார். "முடிவு செய்யுங்கள்" என்றார்.

சுரண்டிவிடட்டும் என்றுதான் என் மனம் அடித்துக்கொண்டது. நடேசனின் அம்மா முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. முதலில் சான்றிதழை வாங்குங்கள், குட்டைக்கு அப்புறம் வழி பார்க்கலாம். வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. நான்கு தலைகளும் என் பக்கம் திரும்பும். திரும்பியதும் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன்.

ஒரு தலையும் திரும்பவில்லை.

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் அங்கே நிற்பதையே மறந்துவிட்டார்கள் போலிருந்தது. எனக்குச் சுருக்கென்றது, பொய் சொல்வானேன். அடுத்த நிமிஷமே நெஞ்சு நிறைந்துவிட்டது.

"நான் போட்ட கோடு. நான் சொரண்டமாட்டேன்" என்றான் மணவாளன் தணிந்த குரலில். மாமாவைப் பார்க்காமலே சொன்னான்.

"நானும் வாணாங்கறேன்" என்றான் செல்லக்கண்ணு.

இன்னாசிமுத்து நடேசனைப் பார்த்தான். "உன் வூட்டு நெலம எங்களுக்குத் தெரியும்டா. நீ சொல்றதுதான். சொரண்டணும்னா நானே சொரண்டறேன். சத்தியமா கோச்சுக்கமாட்டேன்" என்றான்.

நடேசன் கத்தியைக் கையில் எடுத்தான். அதன் முனையை விரலால் தடவிப் பார்த்தான். கீழே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"எனக்கு வேலை ஆறு மாசம் கழிச்சும் கெடைக்கலாம். கெடைக்காமயும் போலாம். இத அடைச்சா குட்டை இந்த வாரமே காஞ்சிடும். அந்தக் காசம்மா மூஞ்சியில முழிக்க என்னால முடியாதுடா" என்றான்.

கத்தியை மடக்கி, இரண்டு கையாலும் முசே தெலோர்மிடம் நீட்டினான். பிரெஞ்சில் அவனே சொன்னான். வினைச்சொல் தப்பு, பால் தப்பு, எல்லாம் தப்பு. "நாங்கள் அழிப்பது இல்லை, முசே. தண்ணீர் முதலில். காகிதம் பிறகு."

முசே தெலோர்ம் என்னைப் பார்த்தார். "இவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது யார்? நீங்களா?"

"எனக்கு மதகைப் பற்றி ஒன்றும் தெரியாது, முசே" என்றேன்.

அவர் சான்றிதழ்களை எடுத்துப் பைக்குள் வைத்துப் பூட்டினார். நடேசன் அந்தப் பூட்டு விழுகிறவரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு அவர் பேனாவைத் திறந்து படத்தின் மூலையில் 'பார்வையிட்டேன்' என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டார். சிவப்பிரகாசம் பதறிப்போய், "கையெழுத்துப் போடறாரே! ஏன் போடறாருன்னு கேளுய்யா!" என்றார். கேட்டேன்.

"இந்தக் கதவைப் பார்த்தேன். இந்தத் துளையையும் பார்த்தேன். பார்த்ததைப் பார்த்தேன் என்று எழுதுவதற்கு எனக்கு எவர் சம்மதமும் தேவையில்லை" என்றார் முசே தெலோர்ம். மோட்டார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. அதன் பின்னாலேயே சிவப்பிரகாசமும் குடையைக்கூட விரிக்காமல் வேகமாகப் போய்விட்டார்.

நாங்கள் கிடங்குக்குத் திரும்பினோம். தேறினார்களா இல்லையா, வகுப்பு இருக்குமா மூடிவிடுவார்களா, ஒன்றும் தெரியாது. ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். வாய் வரை வந்தது. அதற்குள் நடேசன் அடுப்பிலிருந்து கரித்துண்டை எடுத்துக்கொண்டு போய்ச் சுவரில் எழுத ஆரம்பித்துவிட்டான்.

'இந்த மாதிரி ஒழுகலை நம்பி இன்னும் எத்தனை குட்டை இருக்கிறது?'

மற்ற மூவரும் நின்று படித்தார்கள். மணவாளன் புதுப் படத் துணியைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். செல்லக்கண்ணு அளவுச் சங்கிலியைத் தோளில் போட்டான். இன்னாசிமுத்து கிடங்குக் கதவைத் திறந்தான். வெயிலைப் பொருட்படுத்தாமல் நால்வரும் ஏரிக்கரையில் இறங்கி அடுத்த மதகைப் பார்த்து நடந்தார்கள்.

என்னைக் கூப்பிடவில்லை. நானே செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன்.